பேச்சில்லாத எழுபத்தோரு கேசட்டுகள்

என்னிடம் இருக்கும் எழுபத்தோரு கேசட்டுகளில் ஒரு வார்த்தை வெட்டிப் பேச்சு கிடையாது என்று நான் பீற்றிக்கொள்ளாத ஆள் எங்கள் கூட்டத்தில் பாக்கி இல்லை. கூட்டம் என்றால் பெரிய கூட்டம் இல்லை. நான், ஒரு பல் டாக்டர், துணி தைக்கும் ஒரு அம்மா. அந்த அம்மாவை நாங்கள் தையல் அக்கா என்போம். மற்றவர்கள் வருவார்கள், போவார்கள். நாங்கள் மூன்று பேரும் ஒரு மனிதருடைய ட்ரம்பெட்டுக்காக இருபத்திரண்டு வருடம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களை எழுதிக்கொடுத்தவர்கள்.

நான் லிஃப்ட் மெக்கானிக். சங்கீதத்துக்கும் எனக்கும் ஸ்நானப் பிராப்தி கூடக் கிடையாது. முதல்முறை அவர் வாசித்ததைக் கேட்டபோது ஒரு ஹோட்டல் லிஃப்ட்டின் தலைமேல் குந்தியிருந்தேன், டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு. லிஃப்ட் முதல் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவில் நின்றுபோயிருந்தது. உள்ளே ஒரு ஆள் மாட்டிக்கொண்டிருந்தார். இரண்டாம் மாடிக் கதவின் இடுக்கு வழியாக அந்தச் சத்தம் வந்தது. யாரோ ஒருத்தர் அவசரமே இல்லாமல் ஒரு விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்து, பாதியில் மனசு மாறி, வேறு விஷயம் சொல்லி, கடைசியில் முதல் விஷயத்துக்கே வந்து சேர்ந்த மாதிரி இருந்தது. ஸ்க்ரூ டிரைவரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அவர் கீழே இருந்து தட்டினார்.

"என்னப்பா, மேல இருக்கியா, இல்ல நீயும் போயிட்டியா?"

"ஒரு நிமிஷம் பொறுங்க சார். இது முடிஞ்சிடட்டும்."

அந்த ஆள் ஹோட்டல் மேனேஜரிடம் என்னைப் பற்றிப் புகார் எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார். போகட்டும். எனக்கு அன்றைக்கு வாழ்க்கையே திறந்துகொண்டது, அவருக்கு லிஃப்ட் கதவு மட்டும்தான்.

இரண்டாம் மாடியில் ஒரு சாப்பாட்டுக் கூடம். பன்னிரண்டு மேசை. ஜன்னலை ஒட்டி ஒரு பியானோ, அதில் ஒரு கட்டை ஊமை. ஒரு டிரம்ஸ், ஆள் உயரத்துக்கு, பெரிய வயலின் மாதிரி ஒரு டபுள் பாஸ். அவற்றுக்கு முன்னால் குட்டையாக ஒரு மனிதர், டை கட்டிக்கொண்டு, ட்ரம்பெட்டைச் சுற்றி ஒரு வெள்ளைக் கர்ச்சீப்பைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நிற்பார். கை வியர்த்தால் பித்தளை கறுத்துவிடுமாம். அதனால் அவர் பெயர் கர்ச்சீப் அண்ணன். சொந்தப் பெயர் ஹோட்டல் வாசல் பலகையில் எழுதியிருக்கும், யார் பார்த்தார்கள்!

அவர் வாசித்தது ஜாஸ். அது என்னவென்று பல் டாக்டர்தான் எனக்குப் புரியவைத்தார். "வீடு ஒண்ணுதாங்க. ஆனா போன வாரம் எந்தத் தெரு வழியா வீட்டுக்குப் போனாரோ, இந்த வாரம் அந்தத் தெருவுல போக மாட்டார். சந்து பொந்தெல்லாம் சுத்துவார். நமக்கு வழி தப்பிடுச்சோன்னு பயம் வரும். பார்த்தா வாசல்ல நிப்பார்." இதைச் சொல்லும்போது டாக்டரின் கை காற்றில் சொத்தைப் பல்லைத் தேடுவதுபோலச் சுற்றும்.

தையல் அக்காவுக்கு இந்த விளக்கமெல்லாம் வேண்டாம். அவள் கண்ணை மூடிக்கொள்வாள். சூப் ஆறிப்போய் மேலே ஏடு கட்டும். ஒருமுறை கேட்டேன், என்ன அக்கா யோசிக்கிறீங்க என்று. "யோசிக்கலப்பா. வாரம் பூரா யார் யாரோ உடம்பு அளவை யோசிக்கிறேன். இங்க வந்துதான் ஒண்ணும் யோசிக்காம இருக்கேன்" என்றாள்.

அந்த ஹோட்டலின் லிஃப்ட்டைப் பராமரிக்கும் வேலையைக் கெஞ்சிக் கூத்தாடி என் பெயருக்கு மாற்றிக்கொண்டேன். மாதத்தின் முதல் ஞாயிறு சர்வீஸ் நாள். அன்றைக்கு வேலைப் பையில் எண்ணெய்க் கிண்ணம், கயிறு அளக்கும் கருவி, கிரீஸ் எல்லாவற்றோடும் ஒரு டேப் ரெக்கார்டரும் வரும். சர்வீஸைக் காலையிலேயே முடித்து, கையைத் தேய்த்துக் கழுவி, மூன்றாவது மேசையில் ரெக்கார்டரை வைத்து, மேலே நாப்கினைப் போட்டு மூடிவிடுவேன். அவர்கள் வாசிப்பது இரண்டரை மணி நேரம். கேசட் ஓடுவது ஒன்றரை மணி நேரம். அதனால் சிக்கனமாக இருந்தாக வேண்டும். பாட்டு முடிந்ததும், டேப்பை நிறுத்தி வைக்கும் பட்டனை அமுக்குவேன். அடுத்த பாட்டு ஆரம்பிக்கும் நொடியில் விடுவேன். கைதட்டல் வேண்டாம், தட்டுச் சத்தம் வேண்டாம், முக்கியமாக அவருடைய பேச்சு வேண்டாம்.

ஏனென்றால் மனிதர் பேசுவார். ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவில் பேசுவார். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரைப் பற்றி, பியானோவின் ஊமைக் கட்டையைப் பற்றி, ஹோட்டல் கொடுத்த டையைப் பற்றி. கூடம் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இப்படி வாசிக்கத் தெரிந்த ஆள் எதற்காக வாயை வேறு வேலைக்குப் பயன்படுத்த வேண்டும்? சிரித்துக்கொண்டிருக்கும் டாக்டரை முறைத்துக்கொண்டு, கட்டைவிரலைப் பட்டன்மேல் வைத்துக் காத்திருப்பேன்.

ஆறு வருடம் இப்படிப் பதிவு செய்தேன். பிறகு ரெக்கார்டர் படுத்துவிட்டது, நானும் சும்மா கேட்க ஆரம்பித்துவிட்டேன். அவருடைய முன்பல் ஒன்று ஆட ஆரம்பித்த வருடம் வாசிப்பதை நிறுத்தினார். ட்ரம்பெட்காரருக்கு முன்பல் போனால் எல்லாம் போன மாதிரி. டாக்டர் அந்தப் பல்லைக் காப்பாற்ற எட்டு மாதம் போராடினார். கடைசியில் பிடுங்கிய அன்றைக்கு, க்ளினிக்கைப் பூட்டிவிட்டு என் வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். போன வருடம் அண்ணனும் போய்விட்டார்.

அதற்குப் பிறகுதான் முதல் ஞாயிறுதோறும் மத்தியானம் டாக்டரின் க்ளினிக்கில் கூட ஆரம்பித்தோம். விடுமுறை என்பதால் காத்திருக்கும் அறை காலி. பிளாஸ்டிக் நாற்காலிகள், சுவரில் பல் துலக்கும் முறை பற்றிய படம், மேசையில் பழைய பத்திரிகைகள். நடுவில் என் ரெக்கார்டர், புது பெல்ட் போட்டு உயிர்ப்பித்தது. ஒரு கேசட்டைப் போட்டதும் சுவரில் இருக்கும் கடைவாய்ப் பல் கூட அழகாகத் தெரியும். அந்தச் சின்ன உறுமலோடு ட்ரம்பெட் மேலே ஏறும் இடத்தில் தையல் அக்கா என் கையைப் பிடித்துக்கொள்வாள். அந்தக் கூடம் திரும்பி வரும், ஜன்னல் வெயில், ஆறிப்போன சூப். நாங்கள் மூன்று பேரும் நாற்பது வயதுக்காரர்களாகிவிடுவோம். இசை ஓடும்போது யாராவது வாய் திறந்தால் நான் விரலை உதட்டில் வைப்பேன். அந்த விரலுக்கு டாக்டரே பயப்படுவார்.

போன மாதம் அங்கே அவருடைய மனைவி வந்தார்.

தையல் அக்காதான் கடைத்தெருவில் பார்த்துக் கூப்பிட்டிருக்கிறாள். இத்தனை வருடத்தில் நாங்கள் அவரைப் பார்த்ததே இல்லை. ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒல்லியான உடம்பு, குட்டையாக வெட்டிய நகம். நாற்காலியில் உட்காருவதற்கு முன்னால் அதை ஒருமுறை துடைத்துக்கொண்டார்.

"வாங்க அண்ணி" என்றேன்.

"அண்ணியா?" என்று கேட்டு லேசாகச் சிரித்தார். "இவ்வளவு பேருக்கு நான் அண்ணின்னு எனக்கே தெரியாது."

கேசட்டைப் போட்டேன். இருப்பதிலேயே நல்லது, இருபத்தாறாம் நம்பர். ட்ரம்பெட் ஒலித்ததும் அவர் தலை சட்டென்று பின்னால் போனது.

"இவ்வளவு சத்தமா இருக்குமா?"

எனக்குப் புரியவில்லை. பாட்டு முடிந்ததும் அவரே சொன்னார். வீட்டில் அண்ணன் துணி அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டுதான் வாசிப்பாராம். பக்கத்து வீடுகளுக்குத் தொந்தரவு கூடாதே. தொங்கும் சட்டைகளுக்கும் கோட்டுக்கும் நடுவில் ட்ரம்பெட்டின் வாயைச் செருகி ஊதுவாராம். சட்டை எல்லாச் சத்தத்தையும் குடித்துவிடும். "பாட்டெல்லாம் தெரியும். ஆனா எனக்குத் தெரிஞ்சது எல்லாம் போர்வைக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்கும்."

இரண்டாவது பாட்டு ஓடியது. மூன்றாவது ஓடியது. அவர் ரெக்கார்டரையே பார்த்துக்கொண்டிருந்தார், யாரோ வரப்போகும் வாசலைப் பார்ப்பதுபோல. நான்காவது ஆரம்பித்தபோது மெதுவாகக் கேட்டார்.

"இவர் எப்போ பேசுவார்?"

டாக்டர் என்னைப் பார்த்தார். தையல் அக்கா என்னைப் பார்த்தாள். நான் பல் படத்தைப் பார்த்தேன்.

"பேச்சு இதுல இல்லைங்க."

"வேற எதுல இருக்கு?"

"எதுலயும் இல்ல அண்ணி. நான் நிறுத்தி நிறுத்திப் பதிஞ்சேன். பாட்டு மட்டும்தான்."

"ஓ" என்றார். அவ்வளவுதான். ஆனால் அந்த 'ஓ' என் வயிற்றில் எங்கேயோ போய் உட்கார்ந்துகொண்டது.

டாக்டர் நிலைமையைச் சமாளிக்கப் பார்த்தார். "அண்ணன் பேசினா வயிறு வலிக்கும்ங்க. அந்த பஸ் கதை இருக்கே! பக்கத்து சீட்டுல இருந்தவர் தூக்கத்துல அண்ணன் தோள்ல சாய்ஞ்சிட்டாராம். இவர் இறங்க வேண்டிய இடம் வந்தும் அந்தாளை எழுப்ப மனசில்லாம மூணு ஸ்டாப் தள்ளிப் போயி..."

"நாலு ஸ்டாப்" என்றாள் தையல் அக்கா. "அந்தாளே முழிச்சு, 'ஏன் சார் என்னை எழுப்பல'ன்னு சண்டைக்கு வந்தாரு."

இருவரும் ஒருவரை ஒருவர் திருத்திக்கொண்டே கதை கதையாகச் சொன்னார்கள். சொல்லும்போது அவர்களுக்கே சிரிப்பு தாங்கவில்லை. அண்ணி சிரிக்கவில்லை. அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சின்னதாகிக்கொண்டே வந்தது. நான்தான் முதலில் கவனித்தேன்.

"அவரா? எங்க வீட்டுக்காரரா?" என்று கேட்டார். "வீட்டுல அவர் பேசவே மாட்டாருங்க. 'வந்துட்டியா' ஒரு வார்த்தை. 'சாப்பிடு' ஒரு வார்த்தை. முப்பத்தோரு வருஷம். பேசத் தெரியாத மனுஷன், ஊத மட்டும் தெரியும்னு நினைச்சு நானும் இருந்துட்டேன். பரவாயில்ல, சுபாவம் அப்படின்னு." கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டார். "இங்க இவ்வளவு பேசியிருக்காரு. அப்போ என்கிட்ட மட்டும்தான் பேசலையா?"

தையல் அக்கா பதறிப்போய் அவர் முழங்காலைத் தொட்டாள். "உங்களைப் பத்தியும் பேசுவாரு அண்ணி. ஒரு மெதுவான பாட்டு இருக்கு. அதுக்கு முன்னாடி எப்பவும் 'வீட்டுல ஒருத்தி இருக்கா'ன்னு ஆரம்பிப்பாரு."

"என்ன சொல்வாரு?"

தையல் அக்கா யோசித்தாள். டாக்டரும் யோசித்தார். பஸ் கதையில் எத்தனை ஸ்டாப் என்று சண்டை போட்டவர்களுக்கு இது ஞாபகம் வரவில்லை. ஏதோ டியூட்டி, ஏதோ கால் வலி என்று இழுத்தார்கள். பாட்டு வந்ததும் எல்லாம் மறந்துபோயிருக்கும். அந்தப் பாட்டு அப்படி.

"பரவாயில்லைங்க" என்று எழுந்தார் அண்ணி. "எனக்கு ஆறுதலா இருக்கட்டும்னு சொல்றீங்க. நல்ல மனுஷங்க நீங்க எல்லாம்."

அவர் போன பிறகு யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு எகிறியிருப்பேன், மனசு ஆறியிருக்கும். டாக்டர் நாற்காலிகளை நேராக்கினார். தையல் அக்கா புடவையில் நூல் ஒட்டாத இடத்திலெல்லாம் நூலைத் தட்டினாள்.

மறுநாளிலிருந்து பத்து நாள் நான் வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் கேசட்டுகளோடு உட்கார்ந்தேன். பாட்டைக் கேட்கவில்லை. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் என் கட்டைவிரல் செய்த வேலையைக் கேட்டேன். பட்டனை விடுவதில் நான் எங்கேயாவது அரை நொடி முந்தியிருப்பேன், அமுக்குவதில் பிந்தியிருப்பேன், ஒரு வார்த்தையாவது தப்பி விழுந்திருக்கும் என்ற நப்பாசை. கிடைத்தது இவ்வளவுதான்: பன்னிரண்டாம் நம்பரில் "சரி". முப்பதாம் நம்பரில் பாதிச் சிரிப்பு. நாற்பத்தெட்டில் ஒரு தொண்டைச் செருமல், அது டிரம்ஸ்காரருடையதாகக் கூட இருக்கலாம். எவ்வளவு சுத்தமான வேலை! என் தொழிலில்கூட நான் இவ்வளவு கச்சிதமாக இருந்ததில்லை.

என் மனைவி வாசலில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "எதைத் தொலைச்சீங்க?"

சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே உள்ளே வந்து, கேசட்டுகளின் முதுகில் எழுதியிருந்த நம்பர்களை விரலால் தடவினாள். வீட்டுக் கணக்கில் ஒரு காசு விட மாட்டாள். கேசட் கணக்கிலா விடுவாள்?

"ஆறு வருஷம் ரெக்கார்ட் பண்ணீங்க, மாசம் ஒண்ணு."

"ஆமா. ஒரு மாசம் விட்டதில்ல. காய்ச்சலோட போயிருக்கேன்."

"அப்போ எழுபத்திரெண்டு இருக்கணுமே. எழுபத்தொண்ணுதான இருக்கு?"

அதுவரைக்கும் அந்தக் கணக்கை நான் போட்டதே இல்லை. இருபது வருடமாக எழுபத்தொன்று, எழுபத்தொன்று என்று தம்பட்டம் அடித்திருக்கிறேன். பரணிலிருந்து பழைய சர்வீஸ் நோட்டுகளை இறக்கினேன். தும்மிக்கொண்டே ஒவ்வொரு முதல் ஞாயிறாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். நான்காம் வருடத்து நோட்டில் என் கையெழுத்து: 'லிஃப்ட் நடுவில் நின்றது. மூன்று பேர். பிரேக் சுருள் மாற்றியது. இருபது நிமிடம்.' அதற்குக் கீழே பென்சிலில்: 'கேசட் வீண்.'

படித்த நொடியில் எல்லாம் ஞாபகம் வந்தது. பாட்டு முடியப்போகும் நேரம், ஆபத்து மணி அடித்தது. ஹோட்டல் ஆள் ஓடி வந்து என் தோளைத் தொட்டான். பையைத் தூக்கிக்கொண்டு, லிஃப்ட் மோட்டார் இருக்கும் மொட்டைமாடிக்கு ஓடினேன். நாப்கினுக்கு அடியில் ரெக்கார்டர் ஓடிக்கொண்டே இருந்தது. திரும்பி வந்து பார்த்தபோது இருபது நிமிட டேப்பில் கைதட்டலும் கரண்டிச் சத்தமும் பேச்சுமாகக் குப்பை சேர்ந்திருக்கும் என்று அப்படி ஒரு கோபம். கேட்டுக்கூடப் பார்க்கவில்லை. லேபிளில் 'வீண்' என்று எழுதி வீட்டில் எறிந்தேன்.

"எறிஞ்சது எங்க போச்சு?" என்றேன்.

"நீங்க வீண்னு எழுதினதை எல்லாம் நான்தான எடுத்து வைப்பேன்" என்று சொல்லிவிட்டு, அவள் படுக்கைக்கு அடியிலிருந்து ஒரு செருப்புப் பெட்டியை இழுத்தாள். உள்ளே நாலைந்து கேசட்டுகள். எங்கள் பெண் சின்னவளாக இருந்தபோது அவள் பேசியதையெல்லாம் இவள் பதிந்து வைத்திருக்கிறாள். எனக்கு இந்த விஷயமே தெரியாது. ஒன்றின் லேபிளில், 'வீண்' என்று நான் எழுதியதற்கு மேலே அவள் ஒரு சின்னப் பூ வரைந்திருந்தாள்.

அண்ணனின் பேச்சுக்கு மேலேயே இவள் பதிந்திருந்தால் எல்லாம் போச்சு. ரெக்கார்டரில் போட்டேன். எங்கள் பெண், நான்கு வயசுக் குரலில், ஒன்று முதல் இருபது வரை எண்ணினாள். பதிமூன்றை விட்டுவிட்டாள். "பதிமூணு எங்கடி?" என்று இவள் கேட்கிறாள். "அது தூங்குது" என்கிறாள் குழந்தை. அந்தப் பெண் இப்போது வேறு ஊரில் ஆபீஸ் போகிறாள். நானும் என் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. குழந்தை இன்னும் கொஞ்ச நேரம் பேசியது. பிறகு ஒரு கரகரப்பு. பிறகு ட்ரம்பெட்.

ஒரு பாட்டின் கடைசி. தூரத்தில் மணி. நாற்காலி இழுபடும் சத்தம், அது என் நாற்காலி. நான் சட்டென்று நிறுத்திவிட்டேன். மிச்சத்தை முதலில் கேட்க வேண்டியது நான் இல்லை என்று தோன்றியது. வாழ்க்கையில் பட்டனைச் சரியான நேரத்தில் அமுக்கியது அந்த ஒருமுறைதான்.

அடுத்த ஞாயிறு மத்தியானம் மூன்று பேரும் அண்ணி வீட்டுக்குப் போனோம். ஒரே அறை, ஒரு சமையல் மூலை. நாற்காலி இரண்டுதான். டாக்டரும் தையல் அக்காவும் அதில் உட்கார்ந்தார்கள். அண்ணி கட்டிலில். நான் தரையில், ரெக்கார்டரோடு. எதிரே அந்த அலமாரி. கதவு பாதி திறந்திருந்தது. அண்ணன் சட்டைகள் அப்படியே தொங்கின. அவற்றுக்கு நடுவில் ஒரு ட்ரம்பெட்டின் வாய் நுழையுமளவு இடைவெளி இன்னும் இருந்தது.

"அண்ணி, இதுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது. நல்லதோ கெட்டதோ" என்றேன்.

"போடுங்க" என்றார்.

மணிச் சத்தம். நாற்காலி. என் காலடி ஓடி மறைந்தது, பாட்டு முடிந்து கைதட்டல் அடங்கியது. பிறகு ஒரு வருடமாக யாரும் கேட்காத குரல், அறைக்குள் ஆள் நிற்பதுபோலத் தெளிவாக.

"லிஃப்ட்காரர் போயிட்டாரா? நல்லா பாருங்க. அப்பாடா. இனிமே பேசலாம்."

கூடம் சிரித்தது. எனக்குக் காது சூடேறியது.

"நான் வாயைத் திறந்தாப் போதும், மனுஷன் பட்டனை அமுக்கிடுவாரு. நாப்கினுக்கு அடியில வச்சா எனக்குத் தெரியாதாம். கட்டைவிரலைப் பார்த்துக்கிட்டேதான் நான் பேசுறது. ஆனா ஒண்ணு, என் ஊதலை இவ்வளவு மரியாதையாக் கேட்கிற ஆளை நான் பார்த்ததில்ல. அவர் லிஃப்ட்டுல மாட்டினவங்களைக் காப்பாத்திட்டு வரட்டும். அதுக்குள்ள நான் ஒரு விஷயம் சொல்லிடறேன்."

டாக்டர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். நான் தலையைத் தூக்கவில்லை.

"வீட்டுல ஒருத்தி இருக்கா. ஞாயித்துக்கிழமை அவளுக்கு டியூட்டி. நான் இங்க வந்து ஊதணும்னா யாராவது ஞாயித்துக்கிழமையும் சம்பாதிக்கணுமில்ல? அதான் அவளே கேட்டு வாங்கிக்கிட்டா. உங்களுக்கெல்லாம் சொல்ற கதையை அவளுக்கும் சொல்லணும்னு பஸ்ல ஒத்திகை பார்த்துக்கிட்டே போவேன். போய்ப் பார்த்தா, நாள் பூரா நின்ன காலோட அப்பத்தான் வந்து உட்கார்ந்திருப்பா. கண்ணை மூடியிருப்பா. ரத்தக் குழாய், ஊசி, அழற குழந்தைங்க, எல்லாச் சத்தத்தையும் கேட்டுட்டு வந்த காது. அதுல போய் நான் வேற கத்தணுமா? பக்கத்துல உட்கார்ந்துக்குவேன். ரெண்டு பேரும் சும்மா இருப்போம். நான் வாசிக்கிறதுல எனக்குப் பிடிச்சது அந்த சும்மா இருக்கிறதுதான். இப்போ அதைத்தான் வாசிக்கப் போறேன். சத்தம் வரும், மன்னிச்சிடுங்க."

பியானோ இரண்டு முறை மெதுவாகத் தட்டியது. அந்த மெதுவான பாட்டு ஆரம்பித்தது. எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அதில் அவர் நிறுத்தி நிறுத்தி வாசிப்பார். ஒரு வரி ஊதிவிட்டு, நீளமாக ஒன்றும் செய்யாமல் நிற்பார். அந்த இடைவெளிகள் எதற்கு என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

பாட்டு பாதி ஓடியிருக்கும். அண்ணி பேசினார். இசை ஓடும்போது பேசிய யாரையும் நான் இதுவரை சும்மா விட்டதில்லை. என் விரல் உதட்டுக்குப் போகவில்லை.

"நான் தூங்கலங்க" என்றார். அலமாரியைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார். "கண்ணை மூடிக்கிட்டு உட்கார்ந்திருப்பேன், ஆமா. கால் வலியும் இருக்கும். ஆனா அவர் வர்ற சத்தம் கேட்டதும் எல்லாம் போயிடும். இன்னிக்காவது ஏதாவது சொல்வாரான்னுதான் கண்ணை மூடிக்கிட்டுக் காத்திருப்பேன். முகத்தைப் பார்த்தா அவருக்குக் கூச்சமா இருக்குமோன்னு."

தையல் அக்கா எழுந்து போய்க் கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். ட்ரம்பெட் கடைசி வரிக்கு வந்து, வாசல் படியில் நிற்பதுபோல நின்று, உள்ளே போய்விட்டது. கைதட்டல். நான் அழுதுகொண்டிருந்தேன் என்பதை டாக்டர் கர்ச்சீப் நீட்டியபோதுதான் கவனித்தேன்.

கைதட்டல் அடங்கியது. மறுபடி அவர் குரல்.

"இன்னொண்ணு சொல்லணும். போன வாரம் பஸ்ல ஒருத்தர் என் தோள்ல சாய்ஞ்சு தூங்கிட்டாரு. நான் இறங்க வேண்டிய இடம் வந்தாச்சு. எழுப்ப மனசில்ல. மூணு ஸ்டாப்..." கொஞ்சம் நிறுத்தினார். "அய்யோ, லிஃப்ட்காரர் வந்துட்டாரு. நான் வாயை மூடிக்கிறேன்."

கூடமே கொல்லென்று சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டு என் குரல், இருபது வருடம் இளமையாக: "அடச்சே! ஓடிக்கிட்டே இருந்திருக்கே!" டக்.

அதற்குப் பிறகு கேசட்டில் வெறும் சரசரப்புதான்.

"மூணு ஸ்டாப்" என்று டாக்டர் தையல் அக்காவிடம் முணுமுணுத்தார். அவருக்கு அந்த நேரத்திலும் அது முக்கியமாக இருந்தது.

அண்ணி சிரித்தார். முதலில் மூச்சாகத்தான் வந்தது, பிறகு தோள் குலுங்கியது, பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். என் பக்கம் திரும்பி விரலை நீட்டினார்.

"நீங்கதானா அது? என் வீட்டுக்காரர் வாயை அடைச்சது?"

"நான்தான் அண்ணி."

"நல்லா செஞ்சீங்க போங்க" என்றார். அதில் கோபம் கொஞ்சம் இருந்தது. இருக்க வேண்டியதுதான். பிறகு கால்களைக் கட்டில்மேல் தூக்கி மடித்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டார். பக்கத்தில் ஒரு ஆள் உட்காருமளவு இடம் விட்டிருந்தார். தையல் அக்கா அதைப் பார்த்துவிட்டு மெதுவாக எழுந்து தன் நாற்காலிக்கே திரும்பினாள்.

"மறுபடி போடுங்க" என்றார் அண்ணி. "'லிஃப்ட்காரர் போயிட்டாரா'ன்னு கேட்கிறாரே, அங்க இருந்து."

டேப்பைப் பின்னால் ஓட்டி, பட்டனை அமுக்கிவிட்டு, கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.